"என்ட லேப்டொப்ல சரியாத்தானே ஓடுது?": நிரல்மொழிகளின் போர்ட்டபிலிட்டி வழுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் ஒன்றாக இருந்து திறமூல நிரல்மொழிகளின் உள்நிரலை வாசிக்கிறோம், முடிந்தால் திருத்துகிறோம். வந்தாறுமூலையில் படிக்கிறவர்கள், ஒலுவிலில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், உயர்தரத்துக்கு ஐசிடி எடுத்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறவர்கள் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப அவையே வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சி மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

போர்ட்டபிலிட்டி வழு எண்டா என்ன? மற்ற வழுவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

நிரலும் ஒன்று, கொடுக்கும் உள்ளீடும் ஒன்று. ஒரு கணினியில் சரியான விடை வருகிறது, இன்னொன்றில் பிழையான விடை வருகிறது, அல்லது கம்பைலே ஆகவில்லை. அதுதான் போர்ட்டபிலிட்டி வழு. நிரலை எழுதியவர் தன்னுடைய கணினியில் கண்டதை எல்லாக் கணினிக்கும் பொதுவான விதி என்று எடுத்துக்கொண்டிருப்பார். அந்த நம்பிக்கை எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது, ஆனால் நிரல் அதன்மேல்தான் நிற்கும்.

"கணினி" என்று நான் சொல்வது சிப்பை மட்டும் அல்ல. இயங்குதளம், கம்பைலர், சி நூலகம், கோப்பு முறைமை, மொழி அமைப்பு, நேர வலயம் எல்லாம் சேர்ந்ததுதான். இவற்றில் எது மாறினாலும் வழு வெளியே வரலாம்.

பைதன்ல எழுதினா எங்கயும் ஓடும் எண்டுதானே படிப்பிச்சாங்க? மொழியே இதெல்லாம் பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த "மொழி" என்பதும் யாரோ எழுதிய நிரல்தான். நாம் வழமையாகப் பாவிக்கும் பைதனின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. லுவாவும் அப்படித்தான், பேர்ளும் அப்படித்தான். நீங்கள் விண்டோஸில் எழுதியது லினக்ஸிலும் ஓடுகிறது என்றால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை யாரோ ஒருவர் உள்ளே இருந்து சமாளித்திருக்கிறார். அவர் ஒரு இடத்தைத் தவறவிட்டால் அந்த மொழியில் எழுதுகிற எல்லோருக்கும் வழு போய்ச்சேரும். நிரல்மொழியில் ஒரு வரியைத் திருத்துவதற்கு இவ்வளவு பெறுமதி இருப்பது அதனால்தான்.

எழில் போல தமிழில எழுதுற மொழிகளுக்கும் இது வருமா?

எழில் பைதன்மேல் எழுதப்பட்டது. அதனால் சிப்பு, நினைவகம் சார்ந்த தொல்லைகளைப் பைதன் தாங்கிக்கொள்ளும். கோப்பின் குறிமுறை (எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறை), கோப்புப் பெயர், திரையில் எழுத்துக் காட்டுவது போன்றவை மேலே வந்துசேரும். கீழே தமிழ் எழுத்துகள் பற்றிய பதிலைப் பாருங்கள்.

என்னட்ட ஒரு பழைய லேப்டொப்பும் போனும்தான் இருக்கு. பத்து வகைக் கணினிக்கு நான் எங்க போறது?

அந்த இரண்டுமே இரண்டு வகைக் கணினிதான். மடிக்கணினி எக்ஸ்86 சிப்பு. அன்ட்ரொயிட் போன் பெரும்பாலும் ஆர்ம் சிப்பு. அதன் சி நூலகமும் வேறு, பயோனிக் என்று பெயர். போனில் லினக்ஸ் போன்ற கட்டளைத்திரை தரும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டுக்கொண்டால் கிளாங் கம்பைலர், கிட், மேக் எல்லாம் கிடைக்கும். வழமையான லினக்ஸில் இருக்கிற இடத்தில் தற்காலிகக் கோப்புறை அங்கே இருக்காது, ஷெல்லும் வேறு பாதையில் இருக்கும். இதெல்லாம் ஓரிடத்தில்தான் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல்கள் அங்கே உடனே பிடிபடும். நாங்கள் கண்டுபிடித்த வழுக்களில் பாதிக்கு மேல் போனில்தான் பிடிபட்டன.

போனுக்கு அப்பால் போக வேண்டுமென்றால் மூன்று வழி உண்டு. ஒன்று, மடிக்கணினியிலேயே கம்பைலரின் நடத்தையை மாற்றிப் பார்ப்பது: ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலரிலும் "சார்" வகையைக் குறியில்லாததாக (அன்சைன்ட்) ஆக்கும் தெரிவும் 32 பிட்டுக்குக் கட்டும் (கம்பைல் செய்யும்) தெரிவும் உண்டு. இரண்டு, கியூஈமு: வேறு சிப்பைப் போலவே நடிக்கும் மென்பொருள். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் சரியாக ஓடும். மூன்று, கம்பைல் ஃபார்ம்: முன்பு ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்று அழைக்கப்பட்டது. திறமூல வேலை செய்பவர்களுக்குப் பலவகைக் கணினிகளில் இலவசமாகக் கணக்குத் தருகிறார்கள். எதற்காக வேண்டும் என்பதை விளக்கி விண்ணப்பிக்க வேண்டும்.

முதல்ல எந்த வழுவைத் தேடிப் பழகலாம்?

"சார்" வகை. என் அனுபவத்தில் தமிழ் எழுதுகிற எவரும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை மின்சாரம் இல்லை. மடிக்கணினிகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு ஒரு தம்பி போனிலேயே வேலையைத் தொடர்ந்தான். நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது மூன்று நான்கு பேர் மட்டும் பராமரிக்கிற ஒரு சின்ன நிரல்மொழி. டெர்மக்ஸில் கட்டி, மூன்று வரி நிரல் ஒன்றைக் கொடுத்தான். மூன்று வரியையும் வாசித்த பிறகும் அது நிற்கவில்லை. போன் கையில் பிடிக்க முடியாத அளவு சூடாகிவிட்டது. அதே நிரல் மடிக்கணினியில் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்திருந்தது.

காரணம் ஒரு சொல். கோப்பில் இருந்து ஒவ்வொரு பைட்டாக எடுத்துத் தரும் சார்பு, கோப்பு முடிந்ததும் வழமையாக -1 ஐத் தரும். அந்த விடையை ஒரு "சார்" மாறியில் போட்டிருந்தார்கள். எக்ஸ்86 இல் "சார்" -128 முதல் 127 வரை பிடிக்கும், அதனால் -1 அப்படியே இருக்கும். ஆர்ம் லினக்ஸிலும் அன்ட்ரொயிட்டிலும் "சார்" 0 முதல் 255 வரைதான். -1 அங்கே 255 ஆகிவிடும். 255 ஒருபோதும் -1 க்குச் சமமாகாது, சுழற்சியும் நிற்காது. மடிக்கணினியிலும் இது பிழைதான்: 255 என்ற பைட் கோப்பின் நடுவில் வந்தால் முடிவு என்று நினைத்து நிறுத்திவிடும். ஆனால் நாம் தமிழ் எழுதும் யூடிஎஃப்-8 குறிமுறைக் கோப்பில் 255 என்ற பைட் வரவே வராது. அதனால்தான் யாரும் காணவில்லை. "சார்" என்று இருந்ததை "இண்ட்" என்று மாற்றினோம். கிளாங் அந்த வரியை எச்சரிக்கையில் சொல்லியும் இருந்தது, மேலே ஓடிப்போன நூறு வரிகளுக்குள். எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் சேமித்து முதலில் அதை வாசியுங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

அப்ப போன்லதான் வழு வரும், லேப்டொப்ல வராதா?

மறுபக்கமும் உண்டு. "அ" என்ற எழுத்து யூடிஎஃப்-8 இல் 224, 174, 133 என்ற மூன்று பைட். எக்ஸ்86 இன் "சார்" இல் இவை -32, -82, -123 ஆகத் தெரியும். எழுத்து வகையைக் கண்டுபிடிக்க 256 இடம் உள்ள அட்டவணை ஒன்றைப் பல மொழிகள் வைத்திருக்கும். அதில் -32 ஆவது இடத்தைக் கேட்டால், அட்டவணை தொடங்குவதற்கு முன்னால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதைத் தரும். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாப் பைட்டும் 127 க்குள் அடங்கிவிடும், வழு தெரியாது. ஒரு "அ" போட்டால் தெரிந்துவிடும். சி நூலகத்தின் எழுத்து வகைச் சார்புகளுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு: "அன்சைன்ட் சார்" ஆக மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அப்பிளின் ஆர்ம் சிப்பில் "சார்" குறியுள்ளது. ஆகவே "ஆர்ம் என்றால் குறியில்லை" என்று மனதில் பதிக்காதீர்கள். குறி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது என்று வைத்து எழுதுங்கள்.

"லாங்" எண்டா 8 பைட்தானே?

64 பிட் லினக்ஸிலும் மாக்கிலும் 8. 64 பிட் விண்டோஸில் 4. இந்த ஒரு வேறுபாடு எத்தனை பேரை அலைக்கழித்தது என்பதற்குப் பிஎச்பி நல்ல சாட்சி. 64 பிட் விண்டோஸில் ஓடினாலும் பிஎச்பி 5 இன் முழு எண் 2,147,483,647 உடன் முடிந்துவிடும். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0 தான் அங்கேயும் 64 பிட் எண்ணைக் கொண்டுவந்தது.

திருத்தம் எளிது: எத்தனை பிட் வேண்டுமோ அதைப் பெயரிலேயே சொல்லும் வகைகளை சி99 தந்திருக்கிறது, அவற்றைப் பாவியுங்கள். சுட்டியை எண்ணாக்க வேண்டி வந்தால் அதற்கென்று உள்ள வகையில் வையுங்கள். அச்சிடும்போது கொடுக்கும் வடிவக் குறியையும் சேர்த்து மாற்ற மறக்க வேண்டாம், எல்லோரும் விடுகிற இடம் அதுதான்.

தமிழ்ல கோப்புக்குப் பெயர் வைச்சா மாக்ல கண்டுபிடிக்குது இல்ல. அது தமிழ்ட குறையா?

தமிழில் குறை எதுவும் இல்லை. "கொக்கட்டிச்சோலை" என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். யுனிகோடில் "கொ" வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். "சோ" வுக்கும் அப்படித்தான். சேர்த்து எழுதினால் அந்தப் பெயர் 15 குறி, 45 பைட். பிரித்து எழுதினால் 17 குறி, 51 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான்.

மாக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், நாம் கொடுத்த பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். 45 பைட்டில் எழுதி வைத்தால், கோப்புறையைப் பட்டியலிடும்போது 51 பைட்டாகத் திரும்பி வரும். இரண்டையும் பைட்டாக ஒப்பிடுகிற நிரல் "கோப்பு இல்லை" என்று சொல்லிவிடும். 2017 இல் மாக்கிற்கு வந்த புதிய கோப்பு முறைமையான ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்திருக்கும், தேடும்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. ஒரே கோப்புறையில் இரண்டு கொக்கட்டிச்சோலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

நிரல்மொழி இங்கே என்ன செய்ய வேண்டும்? ஒப்பிடும் நேரத்தில் மட்டும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெயரைத் தானாக மாற்றி எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாற்றினால் லினக்ஸில் இருக்கிற இரண்டு கோப்பில் ஒன்று எவருக்கும் திறக்க முடியாததாகிவிடும். "மட்டக்களப்பு" என்ற பெயரை வைத்துச் சோதித்தால் இது பிடிபடாது, அதில் பிரியக்கூடிய உயிர்க்குறி இல்லை. சோதனைப் பெயரில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றில் ஒன்றாவது இருக்கட்டும்.

விண்டோஸ்ல தமிழ் கோப்பைத் திறந்தா கிறுக்கல் வருது, லினக்ஸ்ல வருது இல்ல. ஏன்?

கோப்பின் குறிமுறையைச் சொல்லாமல் திறந்திருப்பீர்கள். பைதனில் அப்படித் திறந்தால் விண்டோஸ் தன்னுடைய பழைய குறிமுறையை (கோட்பேஜ்) எடுத்துக்கொள்ளும். 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 ஐ இயல்பாக்குவது என்று பிஈபி 686 (பிஈபி என்பது பைதனின் மாற்ற முன்மொழிவு) முடிவு செய்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், குறிமுறையை எழுதியே திறவுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸில் சி மொழியின் அகல எழுத்து வகை 2 பைட், லினக்ஸில் 4. நாம் நாளாந்தம் எழுதும் தமிழ் எழுத்தெல்லாம் 2 பைட்டுக்குள் அடங்கிவிடும், சோதனையும் பச்சை காட்டும். ஆனால் 2019 இல் யுனிகோட் 12 சேர்த்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் அடங்காது. 320 இல் ஒரு பங்கான முந்திரியின் குறியைச் சோதனையில் ஒரு இடத்தில் வைத்துப் பாருங்கள். நீளத்தை 2 என்று சொல்லும் மொழி எது, 1 என்று சொல்லும் மொழி எது என்பது தெரியவரும்.

பைட் வரிசை பற்றி இப்பவும் யோசிக்க வேணுமா? எல்லாக் கணினியும் லிட்டில் எண்டியன்தானே?

எண்ணின் குறைந்த பெறுமதிப் பைட்டை முதலில் வைப்பது லிட்டில் எண்டியன், கூடிய பெறுமதிப் பைட்டை முதலில் வைப்பது பிக் எண்டியன். நம் கையில் இருப்பவை எல்லாம் லிட்டில் எண்டியன்தான். ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390எக்ஸ் இன்னும் பிக் எண்டியன், டெபியன் லினக்ஸ் அதற்கும் வெளியாகிறது. 258 என்ற எண்ணை இரண்டு பைட்டில் நம் கணினி 2, 1 என்று வைக்கும்; அது 1, 2 என்று வைக்கும். நினைவகத்தில் உள்ளதை அப்படியே கோப்பில் கொட்டி, மற்றக் கணினியில் வாசித்தால் 513 வரும்.

இதை மொழிகள் இரண்டு விதமாகத் தீர்த்திருப்பது எனக்குப் பிடித்த பாடம். பைதன் தன் கம்பைல் செய்த கோப்பில் எண்களைப் பைட் பைட்டாகப் பிரித்து, எந்தக் கணினியிலும் ஒரே வரிசையில் எழுதுகிறது. லுவா அந்தப் பொறுப்பை எடுக்கவில்லை. கணினிக்குக் கணினி வேறுபடலாம் என்று ஒத்துக்கொண்டு, கோப்பின் தலைப்பில் தெரிந்த ஒரு முழு எண்ணையும் ஒரு தசம எண்ணையும் எழுதி வைக்கிறது. வாசிக்கும் கணினியில் அந்த இரண்டும் அப்படியே வராவிட்டால் கோப்பை ஏற்காது. இரண்டுமே நேர்மையான வழிகள். எதையும் சரிபார்க்காமல் வாசித்துக்கொண்டு போவதுதான் வழு.

நேரம், திகதியில என்ன போர்ட்டபிலிட்டி? மணிக்கூடு எல்லாருக்கும் ஒண்டுதானே?

இலங்கையில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாது. 1996 மே 25 இல் நம் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருந்ததில் இருந்து ஆறரைக்குப் போனது, அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரல் 15 இல் திரும்பவும் ஐந்தரை. அந்த 2006 சித்திரை நள்ளிரவுக்குப் பின் 12.30 ஆனதும் மணிக்கூட்டைத் திரும்ப 12.00 க்கு வைத்தோம். ஆகவே 12.15 இரண்டு தடவை வந்தது. எந்த 12.15 என்று பிரித்துச் சொல்ல பைதன் 3.6 இல் இருந்து வழி இருக்கிறது. "ஆசியா/கொழும்பு" வலயத்தை வைத்து இந்த ஒரு நிமிடத்தைச் சோதித்தால் ஒரு மொழியின் நேர நூலகம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

போர்ட்டபிலிட்டி எங்கே வருகிறது என்றால், இந்த வரலாறு லினக்ஸில் வழமையாக இயங்குதளத்தோடு வரும், விண்டோஸ் அந்தத் தரவை அந்த வடிவில் தருவதில்லை. பைதன் 3.9 இன் நேர வலய நூலகம் விண்டோஸில் வெறுங்கையோடு நிற்கும்; டிஇசட்டேட்டா பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். 32 பிட் நேர எண் வைத்திருக்கும் கணினிகளுக்கு வேறு ஒரு எல்லை: 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனோடு அந்த எண் நிரம்பிவிடும்.

ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு இஃப்டெஃப் போட்டா வேலை முடிஞ்சுதானே அக்கா?

இஃப்டெஃப் என்பது தளத்தைப் பார்த்து நிரலின் ஒரு பகுதியை மட்டும் கம்பைல் செய்யச் சொல்வது. அன்றைக்கு முடியும். "லினக்ஸ் என்றால் இது இருக்கும்" என்று எழுதியவர் மனதில் இருப்பது ஜிலிப்சி என்ற சி நூலகம். ஆல்பைனும் லினக்ஸ்தான், ஆனால் அதன் நூலகம் மசில். அழைப்புத் தடத்தைக் காட்டும் தலைப்புக் கோப்பு மசிலில் இல்லை, கம்பைல் அங்கேயே நிற்கும். சரி, மசிலுக்கு இன்னொரு இஃப்டெஃப் போடலாம் என்று போனால், அதற்கென்று ஒரு அடையாள மேக்ரோவே மசில் தருவதில்லை. தெரிந்தே தரவில்லை: பெயரைக் கேட்காதீர்கள், வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேளுங்கள் என்பது அவர்கள் நிலைப்பாடு. அவர்கள் சொல்வது சரி என்றே நான் நினைக்கிறேன்.

வசதியைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். க்யூசோர்ட்_ஆர் என்ற வரிசைப்படுத்தும் சார்பு க்னூவிலும் (ஜிலிப்சி) பிஎஸ்டி வகை இயங்குதளங்களிலும் உண்டு, ஆனால் கொடுக்கும் உள்ளீடுகளின் ஒழுங்கு வேறாக இருந்தது. பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பிழையான ஒழுங்கில் கொடுத்து நிரல் விழும். ரூபி கட்டப்படும்போது எந்த ஒழுங்கு என்பதையே சோதித்துப் பார்க்கிறது. பிறகு ஃப்ரீபிஎஸ்டி 14 க்னூவின் ஒழுங்குக்கே மாறிவிட்டது. "ஃப்ரீபிஎஸ்டி என்றால் பழைய ஒழுங்கு" என்று பெயரை வைத்து எழுதியவர்களின் அனுமானம் அன்றைக்குப் பிழையாகிவிட்டது, ஒழுங்கைச் சோதித்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இஃப்டெஃபே போடக் கூடாது என்று சொல்லவில்லை. முதலில் அந்த அனுமானமே தேவையா என்று பாருங்கள். மேலே சொன்ன "சார்" வழுவுக்கு இஃப்டெஃப் போட்டிருந்தால் ஆறு வரி கூடியிருக்கும். ஒரு சொல்லை மாற்றியதே போதுமாக இருந்தது.

சோதனை ஒண்டு விழுது. மொழியில பிழையா, சோதனையில பிழையா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மொழியின் ஆவணம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று வாசியுங்கள். வாக்குக் கொடுத்ததை மீறினால் மொழியில் பிழை. கொடுக்காத ஒன்றைச் சோதனை எதிர்பார்த்தால் சோதனையில் பிழை. கோப்புறைப் பட்டியல் அகரவரிசையில் வரும், பிழைச்செய்தியின் ஆங்கில வசனம் எல்லா இடத்திலும் ஒன்று, தற்காலிகக் கோப்புறை இந்தப் பாதையில்தான் இருக்கும் என்பதெல்லாம் எவரும் கொடுக்காத வாக்குகள்.

புதிதாக வருகிறவர்கள் சோதனையைத் திருத்துவதைச் சின்ன வேலையாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிழையான சோதனை ஒன்று ஒரு தளத்தில் எப்போதும் சிவப்பாக நின்றால், அங்கே உண்மையான வழு வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டினா ஓடுது, போட்டா விழுது. கம்பைலர்ல வழுவா?

நூற்றுக்கு ஒன்று அப்படி இருக்கலாம். மற்றதெல்லாம் நம் நிரல் சி மொழி வரையறுக்காத ஒன்றைச் செய்கிறது என்பதுதான். 300 கோடி என்ற தசம எண்ணை 32 பிட் முழு எண்ணாக மாற்றச் சொன்னால் எக்ஸ்86 வழமையாக -2,147,483,648 தரும், ஆர்ம் 2,147,483,647 தரும். இரண்டையும் குறை சொல்ல முடியாது, என்ன வர வேண்டும் என்று மொழி சொல்லவே இல்லை. லுவா இப்படி மாற்றுவதற்கு முன் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்றும். நாமும் அதையே செய்ய வேண்டும்.

ஜிசிசி, கிளாங் இரண்டிலும் வரையறுக்கப்படாத நடத்தையை ஓடும்போதே பிடிக்கும் சனிடைசர் என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுக் கட்டி, சோதனைகளை ஓட்டுங்கள். கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்த்துச் சொல்லும்.

தசமத்தில கடைசி இலக்கம் மட்டும் மாறுது. இதையும் வழு எண்டு சொல்லலாமா?

பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையில், ஒரே தடவை மட்டும் முழுமையாக்கிச் செய்யும் வசதி 64 பிட் ஆர்மில் எப்போதும் உண்டு. அடிப்படை எக்ஸ்86 இல் இல்லை. கிடைத்தால் பாவிப்பது ஜிசிசியின் இயல்பு. அதனால் கடைசி இலக்கம் மாறும். பெரும்பாலும் சோதனையில் சிறிய வித்தியாசத்தை அனுமதித்தால் போதும்.

ஒரு பிட் கூட மாறக் கூடாத இடங்களும் உண்டு. 0.1 என்று எழுதினால் 0.1 என்றே திரும்பக் காட்டுவது பைதன் 3.1 இல் வந்தது. அந்தக் கணக்கு எக்ஸ்86 சிப்பின் பழைய தசமக் கணக்குப் பிரிவான எக்ஸ்87 இன் 80 பிட் வடிவத்தில் ஓடினால் பிழையாகிவிடும். அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் துல்லியத்தை 53 பிட்டாகக் குறைத்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். எண்ணை எழுத்துச் சரமாக்கும் பகுதியில் வித்தியாசம் கண்டால் விடாதீர்கள், அது வழுவேதான்.

நம்மட போன்ல வாற வழுவை அவங்க கவனிப்பாங்களா? பெரிய ஆக்கள் எல்லாம் மாக்தானே வைச்சிருக்காங்க?

எந்தத் தளத்துக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை நல்ல திட்டங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. பைதனில் அது பிஈபி 11: மூன்று அடுக்கு. முதல் இரண்டு அடுக்கில் சோதனை விழுந்தால் வெளியீடு நிற்கும், மூன்றாவதில் நிற்காது. அன்ட்ரொயிட் 3.13 இல் இருந்து மூன்றாம் அடுக்கில் இருக்கிறது, எஸ்390எக்ஸ் லினக்ஸும் அங்கேதான். ரஸ்ட்டிலும் மூன்று அடுக்கு உண்டு. அறிக்கை எழுத முன் உங்கள் தளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம் அடுக்கு என்றால் ஏற்கமாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. உங்களுக்காக அவர்கள் உட்கார்ந்து திருத்தமாட்டார்கள் என்று அர்த்தம். திருத்தத்தோடு போங்கள். நிரலைத் தளத்துக்குத் தளம் கிளைவிடாமல் இன்னும் எளிதாக்கும் திருத்தமாக இருந்தால் வரவேற்பு வேறுமாதிரி இருக்கும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அறிக்கையில என்ன எழுதுறது?

அழகான ஆங்கிலம் தேவை இல்லை. சிப்பு, இயங்குதளம், கம்பைலரும் பதிப்பும், சி நூலகம், மொழியின் எந்தக் கமிட் (கிட்டில் பதிந்த எந்த மாற்றம் வரைக்கும் உள்ள நிரல்). கட்டும்போது கொடுத்த கட்டளை அப்படியே. வழுவைக் காட்டும் மிகச் சிறிய நிரல். வந்தது என்ன, வர வேண்டியது என்ன. இவ்வளவும் இருந்தால் நான்கு வசனம் போதும். படம் எடுத்துப் போடாதீர்கள், எழுத்தாகவே ஒட்டுங்கள். அவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

முன்பு சரியாக ஓடியது என்றால், கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டி, எந்தக் கமிட்டில் உடைந்தது என்பதையும் சேருங்கள். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துத் தடவை கட்டினால் கண்டுபிடித்துவிடலாம். போனில் இரவு முழுக்கப் போகும், சார்ஜரில் போட்டுவிட்டுப் படுங்கள்.

திருத்தி அனுப்பி ரெண்டு மாசம், பதிலே இல்ல. மறுகா என்ன செய்யிறது?

பராமரிப்பவர்கள் பலர் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு தடவை மரியாதையாக நினைவூட்டலாம். அதற்குள் உங்கள் திருத்தத்தைப் புதிய நிரலோடு ஒத்துப்போக வைத்திருங்கள். ஒரே திருத்தத்தில் மூன்று வழுவையும், கூடவே இடைவெளி ஒழுங்கையும் மாற்றியிருந்தால் தாமதத்துக்கு அதுதான் காரணம். பிரித்து அனுப்புங்கள்.

வழு என்ட எந்தக் கணினியிலயும் வருது இல்ல, ஆனா வேற ஆள் அறிக்கை போட்டிருக்கார். காணாத வழுவைத் திருத்தலாமா?

திருத்தலாம், ஆனால் ஊகத்தை ஊகம் என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நாங்கள் இப்போது ஒன்றில் அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஆல்பைனில் ஆழமாகத் தன்னைத்தானே அழைக்கும் நிரல், துணைத் த்ரெட்டில் (நிரலுக்குள் பக்கவாட்டில் ஓடும் இழை) ஓடும்போது மட்டும் விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் கணினிகளில் விழவில்லை. மசில் ஒரு த்ரெட்டுக்கு இயல்பாகக் கொடுக்கும் அடுக்கு (ஸ்டாக், சார்பு அழைப்புகளுக்கான நினைவிடம்) 128 கிலோபைட், ஜிலிப்சி லினக்ஸில் வழமையாக 8 மெகாபைட். எங்கள் கணினியிலேயே த்ரெட்டின் அடுக்கை 128 கிலோபைட்டாகக் குறைத்து ஓட்டிப் பார்த்தோம். அதே வரியில் விழுந்தது.

த்ரெட்டைத் தொடங்கும்போதே தேவையான அளவைக் கேட்டு வாங்கும்படி மாற்றி, "உங்கள் ஆல்பைனில் இதைக் கட்டி ஓட்டிச் சொல்லுங்கள், எங்களிடம் அது இல்லை" என்று அவருக்கே எழுதியிருக்கிறோம். அவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வரைக்கும் அதைத் தீர்ந்தது என்று குறிக்கவில்லை.